சிபிஆர்: பொம்மை ‘டிக்’ என்று சொல்லும்வரை அழுத்துங்கள்

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவிதான் சிபிஆர். பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுத்த அன்று, தரையில் கிடந்த பயிற்சிப் பொம்மையின் நெஞ்சில் கையை வைத்து, அதுக்கு வலிக்குமோ என்கிற மாதிரி அழுத்தினேன். பொம்மையிடமிருந்து சத்தமே இல்லை. சரியான ஆழத்துக்கு இறங்கினால்தான் உள்ளே ‘டிக்’ என்று கேட்கும். பயிற்சி கொடுத்த நர்ஸ் “இன்னும்” என்றார், அப்புறமும் “இன்னும்” என்றார். மூன்றாவது தடவை முழங்கையை மடக்காமல் உடம்பு பாரத்தையே இறக்கியபோதுதான் ‘டிக்’. இவ்வளவு பலமாகவா என்று எனக்கே பயமாகிவிட்டது. ஆமாம், இவ்வளவு பலமாகத்தான். பெரியவர்களுக்கு நெஞ்சு 5 முதல் 6 செ.மீ. வரை கீழே போக வேண்டும்.

சரி, முதலிலிருந்து வருவோம். ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்றால் ஓடிப்போய்த் தொடுவதற்கு முன் பக்கத்தில் மின்கம்பி, வண்டி, தண்ணீர் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், நீங்களும் விழுந்துவிட்டால் உதவ ஆளில்லை. தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவே இல்லையா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், அதற்கு 10 விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோட்டை விட்டது இங்கேதான். இதயம் நின்ற கொஞ்ச நேரத்துக்குச் சிலர் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து இழுப்பார்கள், சில நேரம் குறட்டை போலவும் கேட்கும். பார்த்தால் மூச்சு விடுவது போலவே இருக்கும், ஆனால் அது மூச்சில் சேர்த்தி இல்லை. கூப்பிட்டாலும் அசையவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் யோசிக்காமல் ஆரம்பித்துவிடுங்கள். மூளைக்கு ரத்தம் போகாமல் சில நிமிடங்கள் கடந்தாலே பாதிப்பு தொடங்கிவிடும்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடும் வேலையை ஒருவரைக் கைகாட்டிக் கொடுங்கள். “யாராவது கூப்பிடுங்க” என்றால் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுவார் என்று நிற்பார்கள். “நீலச் சட்டை அண்ணா, நீங்க கூப்பிடுங்க, அக்கா, நீங்க ஏஇடி மெஷின் இருக்கானு பாருங்க” என்று சொல்லிப் பாருங்கள், உடனே நடக்கும். (தேவைப்பட்டால் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவிதான் ஏஇடி.) தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு அழுத்தத் தொடங்குங்கள்.

மெத்தையில் இருந்தால் கெட்டியான தரைக்கு இறக்குங்கள், மெத்தை அழுத்தத்தை விழுங்கிவிடும். பக்கத்தில் மண்டியிடுங்கள். இதயம் இடப்பக்கம்தானே என்று நான் கையை அந்தப் பக்கம் தள்ளி வைத்தேன், அது தப்பு. நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கைப் பகுதியை வைத்து, அதன்மேல் இன்னொரு கையைப் போட்டு விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். தோள்கள் கைக்கு நேர் மேலே, முழங்கை விறைப்பாக. கைபலத்தால் தள்ளினால் அரை நிமிடத்தில் ஓய்ந்துபோவீர்கள்.

வேகம், நிமிடத்துக்கு 100 முதல் 120. அதாவது 30 அழுத்தத்துக்கு 15 முதல் 18 விநாடி. இங்கே நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்: பத்து வரை சரளமாக வரும் எண்ணிக்கை, ‘பதினொன்று, பன்னிரண்டு’ என்று சொற்கள் நீள நீள இழுபட்டு, கையும் கூடவே மெதுவாகிவிடுகிறது. அதனால் ‘ஒண்ணு ரெண்டு மூணு’ என்று பத்து வரை மூன்று தடவை எண்ணுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே வர விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். களைப்பில் நான் பொம்மை மேலேயே சாய்ந்துகொண்டிருந்தேன், நர்ஸ் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

பயிற்சி இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு: தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, நெஞ்சு எழும் அளவுக்கு ஒரு விநாடி ஊதுங்கள். தெரியாது, தயக்கமாக இருக்கிறது என்றால் பெரியவர்களுக்கு அழுத்தம் மட்டும் கொடுத்தாலே போதும், நிறுத்தாதீர்கள். தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு முக்கியம். கைக்குழந்தைக்கு முறையே வேறு, அதைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

விலா எலும்பு உடையுமா என்று ஒருவன் கேட்டான். உடையலாம், உடைந்தாலும் தொடருங்கள் என்றார் நர்ஸ். வகுப்பே அமைதியானது. (அந்தப் பொம்மைக்கும் ஒரு கதை உண்டு. 1960-இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் அதை உருவாக்கியபோது, பாரிஸின் சேன் ஆற்றில் கிடைத்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை அதற்கு வைத்தார்.)

ஏஇடி வந்ததும் சுவிட்சைப் போடுங்கள், அதுவே பேசி வழிகாட்டும். துடைத்த வெறும் நெஞ்சில் அதிலுள்ள ஒட்டும் பட்டை ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே. தேவையில்லாதபோது அது ஷாக் கொடுக்காது. கொடுக்கும்போது மட்டும் யாரும் அவரைத் தொடக்கூடாது, முடிந்ததும் உடனே அழுத்தத்துக்குத் திரும்புங்கள். இரண்டு ஆள் இருந்தால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். அவர் அசைந்து இயல்பாக மூச்சு விடும்வரை, அல்லது ஆம்புலன்ஸ்காரர்கள் கையில் எடுக்கும்வரை விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தம்பி, தானே படுத்துக்கொள்கிறேன் என்று தயாராகிவிட்டான். நல்லா இருக்கிற ஆள்மேல் அழுத்திப் பழகக்கூடாது, ஒரு தலையணையைப் போட்டுக்கொள்ளுங்கள். தலையணை ‘டிக்’ என்று சொல்லாது, ஆனால் மூன்று பத்து எண்ணிப் பழக அது போதும்.