ரெசிடென்ட் அட்வைசராக முதல் வருஷமா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கல்லூரி விடுதியில் ஒரு மாடிக்கு, 38 மாணவர்களுக்கு, 2 வருஷம் ரெசிடென்ட் அட்வைசராக, அதாவது கூடவே தங்கி அவர்களைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மாணவராக இருந்தேன். முதல் வாரமே எல்லார் பெயரையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். நான் அறை எண்ணோடு பெயர்களை எழுதிக் கண்ணாடியில் ஒட்டி, பல் தேய்க்கும்போது படித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் கதவைத்தான் நடுராத்திரியில் தட்டத் தோன்றும்.

அறைத்தோழர்கள் சண்டையா? தீர்ப்பு சொல்லாதீர்கள். முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருமுறை, அலாரம் 6 தடவை அடித்தும் ஒருவன் எழுவதில்லை என்று புகார் வந்தது. தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, அவன் ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுதுகொண்டிருந்தான். சாதாரணச் சண்டை என்றால் சரி, இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, விளக்கணைக்கும் நேரம், விருந்தாளி, சுத்தம் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லியே ஆக வேண்டும். அதை முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருக்கிறது என்றால், உடனே வார்டனுக்கும் மனநல ஆலோசகருக்கும் போன் செய்துவிட்டு, அவர்கள் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

அப்புறம், விதிமீறல் அறிக்கை. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, நேரம். உங்கள் ஊகம் அதில் ஒரு வரிகூட வேண்டாம்.