சென்னையில் இறங்கி காரைக்குடி வர இன்னொரு விமானம் வேண்டாம், பஸ் போதும்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து, அங்கிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ இன்னொரு விமானம் பிடித்து ஊருக்கு வருகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அந்த இரண்டாவது டிக்கெட்டை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

முதலில் நேரக் கணக்கு. பறப்பது ஒரு மணி நேரம்தான், சரி. ஆனால் இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் சென்னையிலேயே முடித்து, பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்தில் மறுபடி ஒப்படைத்து, மறுபடி செக்யூரிட்டி வரிசையில் நின்று, காத்திருந்து ஏறி திருச்சியில் இறங்கினால் காரைக்குடிக்கு இன்னும் சுமார் 90 கிலோமீட்டர் பாக்கி இருக்கும். மதுரையும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். அதிலும் விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, காரைக்குடி பஸ் கிளம்பும் மாட்டுத்தாவணியோ வடக்கே. (செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைச் சொல்லிப் பெருமூச்சுதான் விடலாம்.)

அடுத்து டிக்கெட். அமெரிக்காவில் சில விமான நிறுவனங்கள் சிறிய ஊர்களுக்கு விமானத்துக்குப் பதில் பஸ்ஸே விடுகின்றன, அதுவும் விமான டிக்கெட்டோடு சேர்ந்தே வரும். இங்கே நீங்கள் தனியாக எடுப்பதால், விமானம் தாமதமானால் பஸ் உங்களுக்காக நிற்காது, பணமும் போகும். அதனால் தரையிறங்கும் நேரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள். மாலையில் இறங்கி இரவு பஸ் ஏறுவதுதான் உத்தமம், படுத்தால் விடியும்போது ஊர். அரசு பஸ்ஸுக்கு டிஎன்எஸ்டிசி இணையதளத்தில் பதிவு செய்யலாம்.

ஏறும் இடத்தில் புதியவர்கள் குழம்புவார்கள். தெற்கே போகும் அரசு விரைவு பஸ்கள் இப்போது கோயம்பேட்டில் அல்ல, கிளாம்பாக்கத்தில். விமான நிலையத்து ஜிஎஸ்டி சாலையிலேயே தாம்பரம், வண்டலூர் தாண்டினால் வந்துவிடும். மாநகர பஸ் உண்டு, ஆனால் இரண்டு பெரிய பெட்டியோடு அதில் ஏறுவது வம்பு, டாக்சி பிடியுங்கள். பாஸ்போர்ட், நகை, மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி டிக்கிக்குள் போகும்.

சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையே வேண்டாம், திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அந்த விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால், வெளியே வந்து புதுக்கோட்டை பஸ் ஏறி அங்கே மாறினால் போதும். கானாடுகாத்தான் போகிறவர்கள் காரைக்குடி வரை வந்து திரும்ப வேண்டாம். திருமயம் தாண்டியதும் கண்டக்டரிடம் விலக்கில் இறக்கிவிடச் சொல்லுங்கள், முக்கியமாக இரவில், ஏறும்போதே ஒரு தடவை சொல்லி வையுங்கள்.