எஸ்எஸ்டியில் காப்பி மெதுவாக ஏறுகிறதா? கேபிளைப் பாருங்கள்

வெளி எஸ்எஸ்டியில் (கேபிளில் இணைக்கும் வேகமான சேமிப்பு டிரைவ்) ஃபைல்களை ஏற்றும்போது போன் சார்ஜருடன் வந்த டைப்-சி கேபிளைச் செருகாதீர்கள். எஸ்எஸ்டியோடு வந்த கேபிளையே எடுங்கள். சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 தான். முனை ஒன்றுபோல இருந்தாலும், வேகமாக டேட்டா கடத்தும் கம்பிகள் உள்ளே இருக்காது. உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 60 எம்பி (மெகாபைட்), கைக்குக் கிடைப்பது 35, 40 தான். 50 ஜிபி கல்யாண வீடியோ ஏற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். 5 கிகாபிட் கேபிளில் இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அப்புறம், கேபிள் பெட்டியில் யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று எப்படிப் போட்டிருந்தாலும் எல்லாம் இந்த 5 கிகாபிட்தான். பெயர் புதிது என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டரின் போர்ட்டும் 3.0 ஆக இருக்க வேண்டும். பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். மலிவான பென்டிரைவுக்குக் கேபிளோ போர்ட்டோ மாற்றிப் பயனில்லை, பலவற்றின் எழுதும் வேகமே 20 எம்பியைத் தாண்டாது. ஐபோன் 15-லும் ப்ரோ அல்லாத மாடல்களின் போர்ட்டே யூஎஸ்பி 2.0 வேகம்தான்.