கனடாவுக்குக் கணவன் அல்லது மனைவியை ஸ்பான்சர் செய்யும்போது உறவை நிரூபிப்பது எப்படி?

திருமணச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போதாது. கனடாவின் குடிவரவு விதிகளில் 4(1) என்ற பிரிவு இருக்கிறது. திருமணம் உண்மையானதல்ல என்று அதிகாரி கருதினாலோ, முக்கியமாகக் குடிவரவுக்காகவே நடந்தது என்று கருதினாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். இரண்டில் ஒன்றே போதும்.

படி 1: தேதிகளை எழுதுங்கள்

படிவத்தைத் தொடுவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு காலவரிசை எழுதுங்கள். யார் அறிமுகம் செய்தார்கள், முதலில் பேசியது எப்போது, நேரில் பார்த்தது எப்போது, நிச்சயம், திருமணம், அதற்குப் பிறகான பயணங்கள். மறந்துபோன தேதிகளை பழைய வாட்ஸ்அப் உரையாடலிலும் பாஸ்போர்ட் முத்திரைகளிலும் தேடிப் பாருங்கள்.

படி 2: ஐஎம்எம் 5532 படிவம்

என் பார்வையில் விண்ணப்பத்தின் உயிர் இதுதான். உறவு வளர்ந்த விதம், சடங்குகள், வந்திருந்தவர்கள், முந்தைய திருமணங்கள் என எல்லாவற்றையும் இது கேட்கிறது. "குடும்பத்தார் பேசி முடித்தார்கள்" என்று ஒரு வரியில் நிறுத்தாதீர்கள். பேசி முடித்த திருமணம் குறையே அல்ல; ஆனால் இவரையே ஏன் சம்மதித்தீர்கள் என்பதை அதிகாரிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வழக்கத்துக்கு மாறானது எதுவாக இருந்தாலும் அவர் கேட்கும் முன்பே ஒரு கடிதத்தில் விளக்கிவிடுங்கள். பெற்றோர் திருமணத்துக்கு வரவில்லையா? வயது வித்தியாசம் அதிகமா? விவாகரத்து முடிந்த கையோடு மறுமணமா? காரணத்தை நேராக எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் சந்தேகம் மொத்த விண்ணப்பத்தின் மீதும் விழும். பொய்த் தகவல் என்று முடிவானால் 5 ஆண்டுகள் கனடாவுக்குள் வரத் தடை.

படி 3: ஆதாரங்கள்

சரிபார்ப்புப் பட்டியலான ஐஎம்எம் 5533 படங்களுக்கு 20 என்றும், தொடர்பு ஆதாரங்களுக்கு 10 பக்கம் என்றும் வரம்பு வைக்கிறது. அதனால் ஒரே நாளின் கல்யாணப் படங்களை அடுக்காமல், வெவ்வேறு காலங்களில் இரு குடும்பத்தாரோடும் எடுத்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று குறிப்பிடுங்கள். உரையாடலையும் அப்படியே: மாதத்துக்கு ஒரு துண்டு, அன்றாடப் பேச்சாக இருந்தால் நல்லது. போர்டிங் பாஸ், பணம் அனுப்பிய ரசீது, கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் வாரிசாகப் பெயர் குறித்தது, எல்லாம் உதவும். சேர்ந்து வாழ்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்க்கலாம்.

தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கட்டாயம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: சடங்கின்போது இருவரும் நேரில் இருந்திருக்க வேண்டும். வீடியோ அழைப்பில் நடந்த திருமணம் பொதுவாகச் செல்லாது.

படி 4: நேர்காணல்

எல்லோரையும் அழைப்பதில்லை. அழைத்தால், அனுப்பிய படிவத்தின் நகலை இருவரும் படித்துவிட்டுப் போங்கள். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள்.

கனடாவுக்கு வெளியே இருந்து விண்ணப்பித்தது நிராகரிக்கப்பட்டால், ஸ்பான்சர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அந்த நாட்களை வீணாக்காமல் உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.