பழைய குடும்பப் படத்தில் உடையைப் படிப்பது எப்படி?

பரணிலிருந்து இறக்கிய பழைய குடும்பப் படத்தில் யார் சாயல் யாருக்கு வந்திருக்கிறது என்று தேடிவிட்டு மூடிவைப்பதே நம் வழக்கம். அதே படத்தின் உடைகளைப் பொறுமையாகப் பார்த்தால், அந்த மனிதர்கள் எப்படித் தோன்ற ஆசைப்பட்டார்கள் என்பதோடு, எப்படித் தோன்ற ஊர் அவர்களை விட்டது என்பதும் தெரியவரும். இந்த இரண்டாவதைத்தான் நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம்.

முதலில் நிறத்தை நம்பாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதும் புழங்கிய படத்தகடுகள் சிவப்பு ஒளியை உணராதவை என்பதால், அரக்குக் கூறைப்புடவை கருப்பாகவும் வெளிர்நீலச் சேலை வெள்ளையாகவும் பதிந்திருக்கும். வெளுத்த சேலையில் இருப்பவரைக் கைம்பெண் என்று முடிவு கட்டுமுன் கழுத்தையும் நெற்றியையும் கவனியுங்கள்.

அடுத்து, உடை அவர்களுடையதுதானா என்று பாருங்கள். சில ஸ்டுடியோக்களில் கோட்டு இரவலாகக் கிடைத்தது. தோள்தையல் கீழே இறங்கியும் கைவிளிம்பு விரல்கணு வரை நீண்டும் இருந்தால், அது இரவலாக இருக்கலாம். இரவல் கோட்டும் ஒரு சான்றுதான். உத்தியோகத்தர் தோற்றத்தின் மீது அந்த மனிதருக்கு இருந்த ஏக்கத்தை அது மறைக்காமல் காட்டுகிறது.

ரவிக்கையில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். பாட்டி ரவிக்கை அணியாமல் சேலையை மட்டும் இழுத்துப் போர்த்தியிருந்தால், வறுமை என்றோ பழமை என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். பல சமூகங்களில் வசதியான வீட்டு மூத்த பெண்களும் அப்படியே உடுத்தினார்கள். அது அவர்களுடைய வழக்கம். ஆனால், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கியிருந்த தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைப்பதே தடுக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலை 26 அன்று வந்த அரச அறிவிப்பும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த உரிமையைத் தந்தது. ஆகவே அந்தப் பகுதிக் குடும்பத்தின் படம் என்றால், பாட்டியின் தோளில் கிடக்கும் துணியை அலங்காரமாக மட்டும் பார்ப்பது அவருடைய முன்னோருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஆண்களிடம் கதரைத் தேடுங்கள். மினுமினுப்பில்லாத முரட்டு நெசவு ஓரளவு புலப்படும். கதர் வாங்க எங்களிடம் பணமில்லை என்று ஏழைகள் சொன்னதை மனத்தில் கொண்டே 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். எனவே கதர்ச் சட்டை கொள்கையோடு கைவசதியையும் சொல்லக்கூடும். 1940களுக்குப் பிந்தைய படத்தில் கருஞ்சட்டை தென்பட்டால், திராவிடர் கழகத் தொடர்பு உண்டா என்று விசாரிக்கலாம். நிறம் குறித்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

கடைசியாக, படத்தைப் பெரியவர்களிடம் கொடுத்து, “இந்தச் சேலையை வேறு எப்போது உடுத்தினீர்கள், யார் எடுத்துக் கொடுத்தது, எதை உடுத்தக் கூடாது என்றார்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தனித்தாளில் குறித்து, படத்தோடு ஒரே உறையில் வையுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுதியே ஆகவேண்டுமென்றால், மை ஊறிவிடும் என்பதால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள்.