முதுகெலும்பு வாதம்: முடக்குவாதச் சீட்டை அப்படியே எழுதாதீர்கள்

போன மாதம் ஓர் இளம் மருத்துவர் என்னிடம் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். 26 வயது இளைஞர். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் இடுப்பு விறைத்துக் கிடக்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடுகிறது, கொஞ்சம் நடந்தால் தேவலை. முதுகெலும்பு வாதம், அதாவது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தார். சீட்டில் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் ஆசிட், தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. எட்டு மாதமாக. கையெழுத்துதான் வேறு, பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே சீட்டு.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா, தோலில் சொரியாசிஸ் உண்டா என்று கேட்க மறப்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு, இந்த நோயில் நாம் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

முடக்குவாத மருந்தை முதுகுக்குக் கொடுப்பது

பயிற்சிக் காலத்தில் நாம் அதிகம் பார்ப்பது முடக்குவாத நோயாளிகளை. அங்கே மெத்தோட்ரெக்சேட்தான் அஸ்திவாரம். கை அதற்குப் பழகிவிடுகிறது. ஆனால் முடக்குவாதம் மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. இந்த நோயோ தசைநாரும் எலும்பும் சேரும் இடத்தில் பிடிக்கிறது, பிறகு அங்கே புது எலும்பு வளர்ந்து முதுகை ஒட்டவைக்கிறது. முதுகெலும்பிலும், அதன் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டிலும் மட்டும் நோய் இருப்பவருக்கு மெத்தோட்ரெக்சேட் பயன் தருவதில்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான சல்பசலசின் முழங்கால், கணுக்கால் வீக்கத்துக்கு உதவலாம், முதுகுக்கு உதவாது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதையும் வழிகாட்டுதல்கள் வேண்டாம் என்றே சொல்கின்றன.

எனக்கு இன்னமும் ஆத்திரம் வருவது எதனால் என்றால், இந்தத் தவறு வைத்தியம் நடப்பது போலவே தோற்றம் தரும். பல வருடங்களுக்கு முன் நான் அதே சீட்டை எழுதிக்கொடுத்த என் நோயாளிக்கு அப்போது 24 வயது. தவறாமல் வருவார். ஒவ்வொரு முறையும் ரத்த அணுக்கள், ஈரல் பரிசோதனை எல்லாம் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். "மருந்து ஒத்துக்கொள்கிறது" என்று எழுதுவேன். மருந்து தொந்தரவு செய்யவில்லை என்பதைத்தான் மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்கவே இல்லை. ஸ்டீராய்டு கொடுத்த சின்ன நிம்மதியை அவரும் குணம் என்று நம்பினார்.

ஒருநாள் அவர் அறையை விட்டு வெளியே போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கழுத்தை மட்டும் திருப்பவில்லை. உடம்பு மொத்தத்தையும் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்றுதான் அவரைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன். குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்டியிருந்தன, பின்தலை ஒட்டவில்லை. மூச்சை இழுத்தபோது மார்பு 2.5 சென்டிமீட்டர்கூட விரியவில்லை. அளக்க ஒரு டேப்பும் இரண்டு நிமிடமும் போதும். மூன்று வருடத்தில் அந்த இரண்டு நிமிடத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. ஒட்டிப்போன எலும்பை எந்த மருந்தும் பிரித்துத் தராது.

சரி, என்னதான் எழுத வேண்டும்? முதலில் நாப்ராக்சன், இண்டோமெத்தசின், செலிகாக்சிப் போன்ற ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்து. அதனுடன் தினசரி உடற்பயிற்சி. ஒரு மருந்து போதவில்லை என்றால் அதே வகையில் இன்னொன்று. அதற்கும் நோய் அடங்கவில்லை என்றால் டிஎன்எஃப் தடுப்பு மருந்து அல்லது ஐஎல்-17 தடுப்பு மருந்து, அதாவது அழற்சியைத் தூண்டும் அந்தப் புரதங்களைத் தடுக்கும் ஊசி. நடுவில் மெத்தோட்ரெக்சேட்டுக்கு என்று ஒரு படி கிடையாது. "முதலில் அதைக் கொடுத்துப் பார்ப்போமே" என்று தள்ளும் ஒவ்வொரு மாதமும் நோயாளியின் முதுகிலிருந்து போகிற மாதம்.

"வலித்தால் போடுங்கள்"

அழற்சி மருந்து பலிக்கவில்லை என்று வருபவரிடம் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் வாரத்தில் இரண்டு மாத்திரை போட்டிருப்பார்கள். வயிறு, சிறுநீரகம், இதயம் இடம் கொடுத்தால் முழு அளவில், தினமும், இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்த பிறகுதான் தீர்ப்பு. அடங்கிய பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

ஹெச்எல்ஏ-பி27

ரத்தப் பரிசோதனையில் இந்த மரபணு இருப்பதால் நோய் என்று ஆகாது. இல்லாததால் நோய் இல்லை என்றும் ஆகாது.

இடுப்பு முள்ளெலும்பு எம்ஆர்ஐ

எடுக்க வேண்டியது சாக்ரோஇலியாக் மூட்டை, எலும்புக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டும் ஸ்டிர் வரிசையோடு. முள்ளெலும்பை மட்டும் எடுத்தால் ஒரு டிஸ்க் பிதுக்கம் கண்ணில் படும், எல்லோரும் அதன் பின்னால் போய்விடுவார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதிலும் ஆறுதல் வேண்டாம். எக்ஸ்ரேயில் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு சாதாரணமாக இருந்தும் நோய் தீவிரமாக இருப்பதுண்டு.

படுத்து ஓய்வெடுக்கச் சொல்வது

சொல்லாதீர்கள்.

கண்ணையும் குடலையும் கேட்காமல் ஊசியைத் தேர்ந்தெடுப்பது

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசியது உண்டா? யூவியைட்டிஸ் என்ற அந்தக் கண் அழற்சி திரும்பத் திரும்ப வருபவருக்கு, டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளில் எடனர்செப்ட் நல்ல தேர்வு அல்ல. அடாலிமுமாப் போன்ற ஆன்டிபாடி வகை நல்லது. குடல் அழற்சி நோய் இருப்பவருக்கு செக்குகினுமாப் போன்ற ஐஎல்-17 தடுப்பு மருந்துகளைத் தவிருங்கள், குடல் மோசமாகலாம். காசநோயும் ஹெபடைட்டிஸ் பியும் பார்க்காமல் முதல் ஊசி போடவே கூடாது. பலனைக் குறைந்தது 12 வாரம் கழித்து அளந்து பாருங்கள்.

ஒட்டிய முதுகில் வரும் புது வலி

பல வருட நோயாளி, லேசாக வழுக்கி விழுந்திருப்பார். "பழைய வலிதான் டாக்டர், கொஞ்சம் கூடுதல்" என்பார். நம்பிவிடாதீர்கள். ஒட்டிய முதுகெலும்பு நீளமான எலும்பைப் போல உடையும். உள்ளேயும் அது பலவீனமாகத்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் தப்பிவிடும் என்பதால் சிடி எடுங்கள். முறிவு இல்லை என்று நிரூபணமாகும் வரை முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து முன்னால் வளைந்தவராக இருந்தால் நேராக்கிக் காலர் மாட்ட முயலாதீர்கள். நேராக்கும்போதே தண்டுவடம் நசுங்கலாம். விழுவதற்கு முன் தலை எந்த வாட்டத்தில் இருந்தது என்று வீட்டாரிடம் கேட்டு, அந்த வாட்டத்திலேயே தலையணை வைத்துத் தாங்கி எடுத்துப் போங்கள்.