எனாமல் டப்பாவில் இரைச்சல் கருவி: சறுக்கும் இடங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு எனாமல் டப்பா, கூடவே 40106 ஐசி (ரெசிஸ்டர், கெபாசிட்டரோடு சேர்ந்து துடித்துச் சத்தத்தை உண்டாக்கும் சிப்), கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி. கீச்சொலிகளை எழுப்பி விளையாடும் இரைச்சல் கருவி தொடங்க இவ்வளவு போதும்.

அதே கடைகளில் பழைய வால்வு ரேடியோ கண்ணில் பட்டால் ஆசைப்பட்டுத் திறக்காதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி இருப்பது சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும். சில ரேடியோக்களில் உலோகச் சட்டமே நேராக மெயின் லைனோடு இணைந்திருக்கும். இதில் மட்டும் சமரசமே கூடாது: பேட்டரியில் ஓடுவதை மட்டும் பிரியுங்கள்.

40106-க்குப் பதில் 74HC14 என்ற ஐசியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கால்களின் வரிசை ஒன்றுதான், ஆனால் அது 6 வோல்ட் வரைதான் தாங்கும்; 9 வோல்ட்டில் போய்விடும். பயன்படுத்தாத இன்புட் கால்களை அந்தரத்தில் விடுவதும் தவறு. அவற்றை கிரவுண்டில் சேருங்கள், அவுட்புட்களை அப்படியே விடுங்கள்.

வெளிச்சத்துக்கேற்பச் சுருதி மாற எல்டிஆர் (வெளிச்சம் கூடினால் மின்தடை குறையும் ரெசிஸ்டர்) போடுவதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நடுவில் வெயிலும் தூணோரம் நிழலுமாக இருக்கும் செட்டிநாட்டு வளவைவிட (வீட்டு உள்முற்றம்) நல்ல மேடை இதற்குக் கிடையாது. ஆனால் ராத்திரி டியூப்லைட்டில் சோதித்துவிட்டுப் பகலில் வெயிலில் வைத்தால் சத்தம் நின்றுபோகலாம். ஐசி போய்விட்டதென்று கழற்ற வேண்டாம். நேர் வெயிலில் எல்டிஆரின் மின்தடை சில நூறு ஓம்தான். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரோடு அது சேரும்போது அதிர்வெண் 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது, காதுக்கு எட்டாது. எல்டிஆரோடு தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால், உச்சி வெயிலிலும் ஆயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸில் கீச்சென்று பாடும்.

டப்பா இரும்புதானே, தானாகவே கிரவுண்ட் ஆகிவிடும் என்று நம்பவும் கூடாது. எனாமல் என்பது கண்ணாடிப் பூச்சு, மின்சாரத்தைக் கடத்தாது. வால்யூம் கண்ட்ரோல் நட்டு உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி, பேட்டரியின் மைனஸோடு இணைத்தால் கை பட்டதும் வரும் உறுமல் குறையும். துளை போடும்போது பூச்சு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

ஐசியால் 8 ஓம் ஸ்பீக்கரை நேராக இயக்க முடியாது. நடுவே எல்எம்386 ஆம்ப்ளிஃபையர் வேண்டும். முதல் சோதனையை ஹெட்போனில் செய்யாதீர்கள். ஸ்பீக்கரிலேயே, வால்யூமை அடியில் வைத்துத் தொடங்குங்கள்.